உளப்பிணி எதிர்ப்பு மருந்துகளும் உடல் எடையும்: மரபணுவின் பங்கு

மனச்சிதைவு, இருமுனையப் பிறழ்வு போன்ற நோய்களுக்குத் தரப்படும் உளப்பிணி எதிர்ப்பு மருந்துகள் பலருக்கு உடல் எடையைக் கூட்டுகின்றன. இவற்றில் குளோசபின், ஓலான்சபின் ஆகியவை முதன்மையானவை. ஆனால் ஒரே மருந்தை ஒரே அளவில் உட்கொள்ளும் இருவரில் ஒருவருக்குச் சில மாதங்களில் பத்து கிலோ கூடலாம். மற்றவருக்கு எந்த மாற்றமும் இல்லாமல் போகலாம். இந்த வேறுபாட்டுக்கு மரபணுக்களும் ஒரு காரணம்.

நோயா, மருந்தா?

மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பின் ஆய்வாளர்கள், பல ஆண்டுகள் நோயிருந்தும் மருந்தே உட்கொள்ளாத மனச்சிதைவு நோயாளிகளை ஆராய்ந்தனர். அவர்களிடம் உடற்பருமன் குறைவாகவே காணப்பட்டது என 2010-இல் வெளியான அக்கட்டுரை கூறுகிறது. எடை கூடுவதற்கு நோயை மட்டும் காரணமாக்க முடியாது என்பதை இது உணர்த்துகிறது.

எடை கூடுவது எப்படி?

இம்மருந்துகள் மூளையில் டோபமைன் ஏற்பிகளைத் தடுக்கின்றன. அவற்றுள் சில, பசியைக் கட்டுப்படுத்தும் ஹிஸ்டமின், செரோடோனின் ஏற்பிகளையும் தடுக்கின்றன. அதனால் வயிறு நிறைந்த உணர்வு தாமதமாகிறது; பசி மிகுகிறது; தூக்கக் கலக்கத்தால் நடமாட்டமும் குறைகிறது.

தொடர்புடைய மரபணுக்கள்

ஒருவகைச் செரோடோனின் ஏற்பியை உருவாக்கும் மரபணு எச்.டி.ஆர்.2.சி. இதில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் உடையவர்களுக்கு எடை குறைவாகவே கூடியது என்பதைச் சீன நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2002-இல் காட்டியது. பசியை நெறிப்படுத்தும் எம்.சி.4.ஆர். மரபணுவுக்கு அருகிலுள்ள மற்றொரு மாற்றத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு, மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு எடை கூடியதாக 2012-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

எனினும், ஒவ்வொரு மரபணுவின் பங்கும் சிறியதே. உணவு, உழைப்பு, வயது, மருந்தின் வகை ஆகியவையும் சேர்ந்தே விளைவைத் தீர்மானிக்கின்றன. ஆகவே, எடை கூடுமா என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் மரபணுச் சோதனை அன்றாட மருத்துவத்தில் இல்லை.

எடைபோடும் கருவியே சோதனை

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதி மக்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவும், 1794-இல் தொடங்கிய காப்பகத்தின் வழிவந்த கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் எட்டும் தொலைவில் உள்ளன. துறைமுகத்திலோ ஆலையிலோ உடலுழைப்பு செய்தவர் நோயால் வீட்டில் இருக்க நேர்ந்தால், மருந்தும் ஓய்வும் சேர்ந்து எடையைக் கூட்டும். இதைச் சோம்பல் என்றோ, தின்றே பெருத்தார் என்றோ வீட்டார் பழிப்பது தவறு.

மருந்து தொடங்கும்போதும், பின்னர் 4, 8, 12 வாரங்களிலும் எடை பார்ப்பது நல்லது. தொடக்க எடையில் 7 விழுக்காட்டுக்கு மேல், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு நான்கு கிலோவுக்குச் சற்று மேல் கூடினால், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தை மாற்றுவது, மெட்பார்மின் சேர்ப்பது, உணவு முறையைத் திருத்துவது ஆகிய வழிகள் அவரிடம் உண்டு. எடைக்குப் பயந்து தாமாகவே மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்.