தொப்பையால் ஹார்மோன் குறையுதா, ஹார்மோன் குறைவதால் தொப்பை வருதா?

நைட் ஷிஃப்ட், பதினொரு மணிக்கு மேல் பரோட்டா, அஞ்சு மணி நேரத் தூக்கம். முப்பது வயதைத் தொடுவதற்குள் பேண்ட் சைஸ் ரெண்டு ஏறிவிடுகிறது. ஹெல்த் செக்கப் எடுத்தால் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. கூடவே 'டெஸ்டோஸ்டிரோன் குறைவு' என்று இன்னொரு வரி. அதைப் போனில் தேடிய மறுநிமிடமே பூஸ்டர் விளம்பரங்கள் துரத்தத் தொடங்கும். ஜிம்மில் யாராவது, "ஒரு ஊசி போட்டா சரியாகிடும் ப்ரோ" என்பார்கள்.

கொஞ்சம் பொறுங்க. இதில் எது காரணம், எது விளைவு?

சும்மா இருக்காத கொழுப்பு

தொப்பையை ஏதோ மூட்டை மாதிரி சுமக்கிறோம் என்று நினைக்கிறோம். ஆனால் அந்தக் கொழுப்பு ஓயாமல் வேலை பார்க்கிறது. அதிலுள்ள அரோமடேஸ் என்ற என்சைம், டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு, கொழுப்பு அமிலங்களை நேராகக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. இதனால் இன்சுலின் சொல்வதைக் கல்லீரல் கேட்காமல் போகிறது. ஈடுகட்ட கணையம் இன்னும் அதிகமாக இன்சுலின் சுரக்கும். இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள்.

இங்கேதான் பலரும் ஏமாறும் இடம் வருகிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைச் சுமந்து செல்லும் எஸ்எச்பிஜி என்ற புரதத்தைக் கல்லீரல்தான் தயாரிக்கிறது. உடல் பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் உள்ளவர்களுக்கு இது குறைந்துவிடும். அப்போது 'மொத்த டெஸ்டோஸ்டிரோன்' அளவு குறைவாகத் தெரியும். உடல் பயன்படுத்தக்கூடிய ஹார்மோன் போதுமான அளவு இருந்தாலும்கூட!

அம்பு எதிர்த்திசையிலும் பாய்கிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்காக டெஸ்டோஸ்டிரோனை மருந்தால் அடக்கும்போது தசை குறைகிறது, கொழுப்பு கூடுகிறது, இன்சுலின் எதிர்ப்பும் வருகிறது. சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பங்கை உள்ளே இழுப்பது தசைதான் என்பதால் இதில் ஆச்சரியமில்லை. ஆக, இது ஒரு சுழல்.

அப்போ ஊசி போட்டா என்ன?

ஆஸ்திரேலியாவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2021-ல் வெளியான டி4டிஎம் ஆய்வில், இடுப்புச் சுற்றளவு 95 செ.மீ அல்லது அதற்கு மேல் உள்ள, 50 முதல் 74 வயதுவரையிலான 1,007 ஆண்கள் பங்கேற்றனர். எல்லோருக்குமே எடை குறைப்புத் திட்டம். பாதிப் பேருக்குக் கூடவே டெஸ்டோஸ்டிரோன் ஊசி. இரண்டு ஆண்டு முடிவில் ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்கும், போடாதவர்களில் 21 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் அளவு இருந்தது.

நல்ல செய்திதானே? ஆனால் ஊசி போட்டவர்களில் 22 சதவீதம் பேருக்கு ரத்தம் கெட்டியாகும் அளவுக்குச் சிவப்பணு விகிதம் ஏறியது. மற்றவர்களில் அது 1 சதவீதம்தான். முக்கியமாக, இவர்கள் யாரும் முப்பது வயது இளைஞர்கள் இல்லை.

இளைஞர்களுக்கு வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், 'இங்கே நிறைய இருக்கு' என்று மூளை விந்தகத்துக்கான உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி சரியும், சிலருக்குப் பூஜ்ஜியம்கூட ஆகும். ஊசியை நிறுத்தினாலும் பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களிடம் ஜிம் நண்பர் இதைச் சொல்வதில்லை. பிட்யூட்டரி கட்டி, பிறவிக் குறைபாடு போன்ற காரணங்கள் உள்ளவர்களுக்கு சிகிச்சை கட்டாயம் தேவை. அது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது.

மற்றவர்களுக்கு இடுப்பிலிருந்து தொடங்குவதே லாபம். எடை கணிசமாகக் குறைந்தால் டெஸ்டோஸ்டிரோன் தானாக ஏறுகிறது. இந்திய ஆண்களுக்கு எல்லை 90 செ.மீ. ஒல்லியான கை கால், நடுவில் மட்டும் தொப்பை என்றாலும் கணக்கு அதேதான். தூக்கமும் முக்கியம்: சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில் ஒரு வாரம் தினமும் 5 மணி நேரம் மட்டும் தூங்கிய ஆரோக்கியமான இளைஞர்களுக்கு, பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது.

இன்னொன்று, ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த நேரத்தைப் பாருங்க. காலையில் உச்சத்தில் இருக்கும் இந்த ஹார்மோன் மாலைக்குள் இறங்கிவிடும். காலையில் வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுத்தும் குறைவாக இருந்தால்தான் அடுத்த கட்டப் பேச்சு.