சங்கத்துக்கு ஒரு கணினி வாத்தியார்

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, மலைமேல் சிறியதாக ஒரு தொண்டு அமைப்பு நடத்துகிறீர்களா? ஆம்பூர்ப் பக்கம் தோல் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறீர்களா? வரவு செலவை இன்னும் நீள நோட்டில்தான் எழுதுகிறீர்கள் என்றால், இந்தத் தகவல் உங்களுக்குத்தான்.

லிப்ரே ஆபீஸ் மென்பொருளுக்குக் காசே கிடையாது. கடிதம் அடிக்க ரைட்டர், கணக்குப் போட கால்க். இவற்றைக் கற்றுக்கொடுக்க மும்பை ஐஐடியில் தொடங்கிய ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் தமிழிலேயே பாடங்கள் இருக்கின்றன, அவையும் இலவசம். ஒரு பாடம் ஏறக்குறைய 10 நிமிடம். திரையில் ஒரு பக்கம் பாடத்தை ஓடவிட்டு, மறுபக்கம் கால்க்கைத் திறந்து வையுங்கள். கேளுங்கள், நிறுத்துங்கள், நீங்களே செய்து பாருங்கள். நன்கொடைத் தொகைகளை வரிசையாக அடித்து, அடியில் கூட்டல் சூத்திரம் போட்டதும் கூட்டுத்தொகை வந்து நிற்கும் பாருங்கள், அந்தத் தெம்பே தனி! மலையில் சிக்னல் விட்டு விட்டு வந்தால், கீழே ஜோலார்பேட்டையிலேயே பாடங்களைப் பதிவிறக்கிக்கொண்டு மேலே ஏறுங்கள்.

பதிவு செய்த அமைப்பு என்றால், கூகுள் ஃபார் நான்பிராஃபிட்ஸ் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம். தகுதி பெற்றால், அமைப்பின் பெயரிலேயே மின்னஞ்சல் வைத்துக்கொள்ளலாம், சேவைக்குக் கட்டணமில்லை. மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் டொமைன் பெயருக்கு மட்டும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். பதிவுச் சான்றிதழை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பத்தைத் தொடங்குங்கள்.