யார் கண்ணில் படும் உங்கள் சரக்கு?

மாண்ட்ரியல் தீவின் வடக்கு விளிம்பில், ஆற்றங்கரையை ஒட்டிய பகுதி அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில். அதன் தெற்குப் பக்கத்தில் இருக்கும் ஷபனெல் தெரு, பல பத்தாண்டுகள் கனடாவின் ஆயத்த ஆடைத் தொழிலுக்குத் தலைவாசலாக விளங்கியது. பெரிய பெரிய அடுக்குமாடிக் கட்டடங்களில் புலம்பெயர்ந்து வந்த பெண்கள் தைத்தார்கள். கடைக்காரர்கள் வந்து மொத்தமாக எடுத்துப் போனார்கள். உடுத்துகிறவருக்கும் தைத்தவருக்கும் நேரடித் தொடர்பு அரிது. சனிக்கிழமை காலைகளில் மட்டும் சில கூடங்கள் பொதுமக்களுக்கும் திறந்திருந்தன. 2005 ஜனவரி 1 அன்று உலக ஆடை வர்த்தகத்தில் இறக்குமதிக்கு அளவு வைத்திருந்த கோட்டா முறை முடிவுக்கு வந்தது. ஆசியாவிலிருந்து மலிவான துணி வந்து குவிய, ஷபனெலின் தையல் இயந்திரங்கள் பல ஓய்ந்தன.

இன்று ஆடை விற்கக் கட்டடம் தேவையில்லை. 2007 நவம்பரில் ஃபேஸ்புக் வணிகப் பக்கங்களைத் தொடங்கியது. 2020 மே மாதம், அங்கேயே கடை வைக்கும் ‘ஷாப்ஸ்’ வசதி வந்தது. தமிழ்நாட்டின் இளம்பிள்ளைச் சேலையை மாண்ட்ரியலில் வீட்டிலிருந்தபடியே லைவ் போட்டு விற்கலாம். இடைத்தரகர் ஒழிந்தார் என்று தோன்றும். ஆனால் அவர் இருந்த இடத்தில் இப்போது ஒரு கணிதம் உட்கார்ந்திருக்கிறது. பக்கம் வைத்திருப்பவர்கள் அதைப் புரிந்துகொள்ளாவிட்டால் உழைப்பெல்லாம் வீண்.

ஒரு பெண் இரவு 8 மணிக்கு நீலச் சேலை ஒன்றின் படத்தைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பக்கத்தை 1,000 பேர் பின்தொடர்கிறார்கள். படம் அந்த 1,000 பேருக்கும் போய்ச் சேராது. ஒருவர் ஃபேஸ்புக்கைத் திறக்கும்போது அவருக்குக் காட்டக்கூடிய பதிவுகள் சராசரியாக 1,500 இருக்கும் என்றும், அவற்றில் 300 அளவுக்கே முன்னுரிமை பெறும் என்றும் 2014-இல் அந்த நிறுவனமே சொன்னது.

அந்தத் தேர்வு நான்கு படிகளில் நடக்கிறது. முதலில், காட்டக்கூடிய பதிவுகளைத் திரட்டுகிறார்கள். அடுத்து, யார் போட்டது, எப்போது போட்டது, படமா வீடியோவா, பார்ப்பவர் முன்பு எதற்கெல்லாம் நின்று பார்த்தார் என்ற குறிப்புகளைச் சேர்க்கிறார்கள். மூன்றாவது படி கணிப்பு: இவர் கமெண்ட் போடுவாரா, பகிர்வாரா, மெசேஜ் அனுப்புவாரா? ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்தகவு. கடைசியாக, அந்த நிகழ்தகவுகளுக்கு எடை கொடுத்துக் கூட்டி, மதிப்பெண் வாரியாக வரிசைப்படுத்துகிறார்கள். நீலச் சேலை 20-ஆவது இடத்திலா 900-ஆவது இடத்திலா என்பது ஒவ்வொருவர் போனிலும் வேறுபடும்.

எடைகளை மாற்றும் அதிகாரம் நிறுவனத்திடமே இருக்கிறது. 2018 ஜனவரியில், நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கு முன்னுரிமை என்று அறிவித்தார்கள். அதனால் வணிகப் பக்கங்களின் வீச்சு குறைந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே, ‘லைக் போடுங்க, மூணு பேரை டேக் பண்ணுங்க’ என்று கேட்கும் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். இன்றும் பல பக்கங்களில் அந்த வரியைப் பார்க்கிறோம். ஆள் சேர்க்கும் என்று நம்பி எழுதுவது ஆளைக் குறைக்கிறது.

காசு கொடுத்து ‘பூஸ்ட்’ செய்தால்? அதுவும் ஏலம்தான். ஆனால் அதிகம் கேட்டவர் வெல்வார் என்று உறுதி இல்லை. கேட்ட தொகையை, பார்ப்பவர் வாங்கும் வாய்ப்போடு பெருக்கி, விளம்பரத்தின் தரத்துக்கான மதிப்பையும் கூட்டுகிறார்கள். ஒருவர் ஒரு விற்பனைக்கு 10 டாலர் தரத் தயார், வாங்கும் வாய்ப்பு 1 சதவீதம் என்றால் மதிப்பு 10 சென்ட். இன்னொருவர் 4 டாலர்தான் தருகிறார், வாய்ப்பு 5 சதவீதம் என்றால் 20 சென்ட். தரம் சமமாக இருந்தால் வெல்பவர் இரண்டாமவர். தெளிவான படமும், யாருக்கு விற்கிறோம் என்ற தெளிவும் சிறு வியாபாரியின் செலவை உண்மையாகவே குறைக்கும்.

2021 அக்டோபர் 4 எல்லோருக்கும் ஒரு பாடம். பராமரிப்பு வேலையின்போது போன ஒரு கட்டளை, தரவு மையங்களுக்கு இடையிலான இணைப்பை முறித்தது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்ஆப் மூன்றும் ஏறக்குறைய 6 மணி நேரம் முடங்கின. ஆர்டர்களை மெசேஜிலேயே வைத்திருந்தவர்களால் அந்த நேரத்தில் ஒன்றுமே செய்ய முடியவில்லை.

வேறு வழி இருக்கிறது என்பதையும் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லே காட்டுகிறது. 2011-இல் அங்குள்ள கட்டடம் ஒன்றின் கூரையில், சுமார் 31,000 சதுர அடியில் லூஃபா ஃபார்ம்ஸ் என்ற நிறுவனம் பசுமைக்குடில் அமைத்தது. வணிக அளவில் உலகின் முதல் கூரைப் பசுமைக்குடில் என்று பெயர் பெற்றது இது. விளைந்த காய்கறியை அவர்கள் சூப்பர் மார்க்கெட்டை நம்பி வளர்க்கவில்லை. தங்கள் சொந்த இணையச் சந்தையில் ஆர்டர் எடுத்து, வாடிக்கையாளருக்கே கூடையாக அனுப்புகிறார்கள். சமூக ஊடகப் பக்கங்கள் அவர்களுக்கும் உண்டு. ஆனால் யார் வாங்குகிறார்கள் என்ற பட்டியல் அவர்கள் கையில் இருக்கிறது.

வீட்டிலிருந்து சேலையும் பலகாரமும் விற்கும் நம் பெண்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். பக்கத்தை ஆள் பிடிக்கும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவரின் பெயர், எண், வாங்கிய பொருள் மூன்றையும் அவர் சம்மதத்தோடு தனி நோட்டில் எழுதுங்கள். கனடாவில் 2014 ஜூலை முதல், வணிக மின்செய்தி அனுப்பச் சம்மதம் தேவை என்று சட்டமே சொல்கிறது. யாருக்கு எதைக் காட்டுவது என்று நாளைக்கே கணிதம் மாறலாம். அப்போதும் அந்த நோட்டில் உள்ளவர்களுக்கு நீங்களே நேராகச் சேதி சொல்ல முடியும்.