உங்களுக்குத் தெரியுமா? விமானி அறையில் பதிவான குறட்டை

2010 மே 22, அதிகாலை. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டி, பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் பலியாயினர்.

விமானி அறைக் குரல் பதிவு 2 மணி 5 நிமிடம் ஓடியது. முதல் 1 மணி 40 நிமிடம் இரு விமானிகளுக்கிடையே பேச்சே இல்லை; இடையிடையே குறட்டைச் சத்தம் கேட்டது. தலைமை விமானி தூங்கியிருக்கிறார்!

ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழும்போது கண் உடனே திறந்துவிடும். ஆனால் மூளை தெளியச் சில நிமிடங்கள், சிலசமயம் அரை மணி நேரம்கூட ஆகும். இந்தத் தூக்கக் கலக்கம் அவர் முடிவெடுக்கும் திறனைக் குலைத்திருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. தரையிறங்காமல் மேலே எழும்பும்படி துணை விமானி மூன்று முறை சொல்லியும் அவர் கேட்கவில்லை. 8,033 அடி ஓடுபாதையில் சுமார் 5,200 அடி கடந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது.

அதிகாலை 2 முதல் 6 மணிவரை உடல் தூக்கத்துக்கு ஏங்கும் நேரம். அதனால்தான் விமானிகளின் பணி நேரத்துக்கும் ஓய்வுக்கும் விதிகள் வரம்பு கட்டுகின்றன. அவர்கள் வீட்டில் தூங்கிய தூக்கத்தை நம்பித்தான் நாம் விமானத்தில் கண் மூடுகிறோம்.