பொன்னும் நஞ்சும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த காலத்தில் வாடி நிற்கும் இளஞ்சோளப் பயிரில் மாடுகளை மேயவிடலாகாது என்பதை அங்குள்ள உழவர் நன்கறிவர். மேய்ந்த மாடு மூச்சுத் திணறி மாளும். அதனைக் கொல்வது சயனைடு என்னும் நஞ்சு.

இந்நஞ்சுக்குப் பொன்னைக் கரைக்கும் ஆற்றலும் உண்டு. பொடித்த பொற்கல்லைச் சயனைடு கலந்த நீரில் இட்டால், அதிலுள்ள பொன் கரைந்து பிரியும். இம்முறையைக் கிளாஸ்கோ நகரத்தார் 1887-இல் கண்டனர். தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் உழைத்த கோலார் தங்கவயலிலும் இதுவே வழங்கிற்று. அச்சுரங்கம் 2001-இல் மூடப்பெற்றது; பொன் பிரித்தபின் கொட்டிய கழிவுமண் இன்றும் குன்றுகளாய் நிற்கின்றது. ருமேனியாவில் 2000-இல் சுரங்கக் கழிவுநீரின் கரை உடைந்து, சயனைடு ஆற்றிற் கலந்தது. மீன்கள் திரள்திரளாய் மடிந்தன.

ஆதலின் அறிஞர் பிற வழிகளை நாடினர். அவற்றுள் ஒன்று தயோசல்பேட்டு என்னும் உப்பு. இதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துச் சுரங்கம் ஒன்றில் 2014-இல் இவ்வுப்பால் பெருமளவிற் பொன் பிரிக்கத் தொடங்கினர். எனினும் இதில் இடர் இல்லாமல் இல்லை. சயனைடில் கரைந்த பொன்னைக் கரித்துண்டுகள் எளிதிற் பற்றிக்கொள்ளும். இவ்வுப்பில் கரைந்ததைப் பற்றமாட்டா. அதற்கெனத் தனிப் பிசின்மணிகள் வேண்டும். உப்பும் மிகுதியாக வேண்டும்.

சோளப்பயிர் மேய்ந்து வீழ்ந்த மாட்டுக்குக் கால்நடை மருத்துவர் ஊசிவழிச் செலுத்தும் மாற்று மருந்தும் தயோசல்பேட்டே. நஞ்சின் தொழிலை நஞ்சு முறிக்கும் மருந்தே ஏற்பது வியப்பன்றோ! செலவு சிறிது மிகினும் பொன்னினும் அரிய நீர் காக்கப்படும். நீரின் அருமையை அறிந்த கரிசல் மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.