களப்பின் மட்டம்

மட்டக்களப்புக்கு வரும் அயலூர் நண்பர்கள் என்னிடம் தவறாது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உங்கள் ஊரில் மீன் பாடுமாமே, உண்மைதானா?" என்பதே அது. நிலாக் காலத்தில் அவர்களைக் கல்லடிக்கு அழைத்துச் சென்று, தோணியில் ஏற்றி, துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்கச் செய்வது பல ஆண்டுகளாக நான் செய்துவரும் உபசாரம். சுவாமி விபுலாநந்தர் அவ்வொலியை நீரரமகளிர் இசையாகக் கண்டு பாடிய வரலாற்றையும் சொல்லி அவர்களை மகிழ்வுடன் வழியனுப்பி வைப்பேன்.

ஆனால், அண்மையில் என்னிடம் பாடங்கேட்க வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்விக்கு அவ்வாறு இனிக்க விடைகூற என்னால் இயலவில்லை. "ஐயா, கடல் உயர்ந்துகொண்டு வருகுது என்று புத்தகத்தில் போட்டிருக்கு. கடல் உயர்ந்தால் எங்கட ஆறும் உயருமா?" என்று அவள் கேட்டாள். எங்கள் ஊரார் வாவியை 'ஆறு' என்றே வழங்குவர். அவளுடைய தகப்பனார் அந்த ஆற்றில் வலை வீசுபவர். தாயின் தகப்பனாரோ படுவான்கரையில் வேளாண்மை செய்பவர். ஆகவே, அது பாடப்புத்தகக் கேள்வியாக மாத்திரம் எனக்குத் தோன்றவில்லை.

வாவியை அறியாத வாசகர்க்காக அதன் அமைப்பைச் சிறிது கூறுதல் வேண்டும். வடக்கே ஏறாவூர்ப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு அது கிடக்கின்றது. அதற்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில், ஒடுங்கிய மணல் நிலம். ஞாயிறு எழும் பக்கமாதலின் எழுவான்கரை. மேற்கே வயல்வெளி, ஞாயிறு படும் பக்கமாதலின் படுவான்கரை. கடலோடு கலக்கும் வாய்கள் இரண்டு. பாலமீன்மடுவில், 1913இல் எழுந்த வெளிச்சவீட்டின் அருகே உள்ளது ஒன்று. தெற்கே கல்லாற்றில் உள்ளது மற்றொன்று. கோடையில் கடல் மணலை ஒதுக்கி இவ்வாய்களை அடைத்துவிடும். மாரியில் உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்கள் வான்பாய்ந்து வாவி பெருகும்போது, மணல் மேட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடுவர். இதனையே 'ஆற்றுவாய் வெட்டுதல்' என்பர்.

வெட்டும் நாள் எது என்பதில் இரு கரைக்கும் உள்ள வழக்கு மிகப் பழையது. "இன்றைக்கே வெட்டுங்கள், பெரும்போகப் பயிர் அழுகுகிறது" என்பர் வேளாண்மைக்காரர். "பொறுங்கள், வெட்டினால் ஆற்று இறாலும் மீனும் வெள்ளத்தோடு கடலுக்குப் போய்விடும்" என்பர் மீன்பிடிகாரர். என் மாணவியின் வீட்டில் மாரிதோறும் மாமனாரும் மருமகனும் சில நாள் முகங்கொடுத்துப் பேசுவதில்லையாம். நானும் இதனை ஒரு நாளைக் குறித்த சச்சரவு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அச்சிறுமியின் கேள்விக்குப் பின்னரே இந்த ஏற்பாடு முழுவதும் எதன்மேல் நிற்கின்றது என்று எண்ணிப் பார்த்தேன்.

வெள்ளம் கடலுக்கு வடிவது, வாவியின் மட்டம் கடலின் மட்டத்தினும் உயர்ந்து நிற்பதனால். அவ்வேறுபாடு பெரிதாயின் நீர் விரைந்து வடியும். சிறிதாயின் தயங்கி நிற்கும். கடலே உயர்ந்துவிடின் வெட்டிய வாய் வழியே உவர்நீர் உள்ளே ஏறும். நம் முன்னோர் வகுத்த முறை அனைத்தும் கடல் தன் மட்டத்தில் நிற்கும் என்னும் நம்பிக்கையில் எழுந்தது. அந்த நம்பிக்கையே இப்போது ஆட்டங்காண்கிறது.

உலகக் கடல்களின் சராசரி மட்டம் 1901 முதல் 2018 வரை 20 சென்ரிமீற்றர், அதாவது ஏறக்குறைய ஒரு சாண், உயர்ந்திருக்கின்றது. 2006க்கும் 2018க்கும் இடையில் ஆண்டொன்றுக்கு 3.7 மில்லிமீற்றர் வீதம் உயர்ந்தது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து நாம் வளியில் சேர்த்த கரியமிலவாயு உலகைச் சூடாக்குகிறது. சூடேறிய கடல்நீர் விரிகிறது. மலைகளிலும் துருவங்களிலும் பனி உருகிக் கடலில் சேர்கிறது. உலக நாடுகள் விரைந்து தம்மைத் திருத்திக்கொண்டால் 2100ஆம் ஆண்டளவில் 28 முதல் 55 சென்ரிமீற்றர் வரையும், திருத்திக்கொள்ளாது மிகுதியாக எரித்துக்கொண்டே போனால் 63 சென்ரிமீற்றர் முதல் ஒரு மீற்றர் வரையும் ஏற்றம் இருக்கும் என்று அறிஞர் குழு 2021இல் கணித்தது. ஒரு முழமோ இரண்டு முழமோதானே என்று எண்ணலாம். ஆனால், எங்கள் கரையில் கடலின் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடே ஒரு மீற்றருக்குக் குறைவு. அத்தகைய கரைக்கு ஒரு முழம் என்பது சிறிய அளவாகாது.

எழுவான்கரையின் குடிநீரும் இம்மட்டத்தையே நம்பியிருக்கிறது. மணலில் இறங்கிய மழைநீர், கனங்கூடிய உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்குமேல் ஒரு முழம் நன்னீர் நின்றால், கீழே நாற்பது முழம் வரை நன்னீர் நிற்கும் என்பது விஞ்ஞானிகள் கூறும் கணக்கு. மேலே சிறிது குறைந்தால் கீழே பெரிதும் குறையும். இதனை நான் அனுபவத்திலும் கண்டேன். 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமிக்குப் பின் எங்கள் கிணறு உவர்த்தது. மோட்டர் வைத்து மீண்டும் மீண்டும் இறைத்தோம், உப்பு அகலவில்லை. அவசரப்பட்டு இறைத்ததனால் அடியிலிருந்த உவரையே மேலே இழுத்தோம் என்பது பின்னரே விளங்கியது. மாரி மழைகளே கிணற்றைத் தேற்றின. அந்த உப்பு மேலிருந்து வந்தது, மழை கழுவியது. கடல் உயரும்போது உப்பு அடியிலிருந்து வரும்.

வாவிக் கரையின் கண்டலும் தில்லையும் இம்மாற்றத்துக்கு ஓரளவு ஈடுகொடுக்க வல்லவை. அவற்றின் வேர்கள் சேற்றைப் பிடித்து நிலத்தை உயர்த்தும். இறால் குஞ்சும் நண்டும் கொடுவாயும் அங்கே வளரும். நீர் ஏறினால் அம்மரங்கள் தலைமுறை தலைமுறையாக மேட்டுப் பக்கம் நகரும். ஆனால், மேட்டுப் பக்கத்தில் மதிலும் தெருவும் நிரவிய வளவும் நின்றால் அவை எங்கே நகரும்? காணி நிரப்பும் ஒவ்வொருவரும் கண்டலின் வழியை அடைக்கிறோம். அக்குற்றத்தில் என் மதிலுக்கும் பங்குண்டு.

மனிதர் நகர்வதும் எளிதன்று. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடந்த நாவலடி சுனாமியில் அழிந்தபின், கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று அரசு முதலில் விதித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. நாவலடி மக்கள் பலர் திராய்மடுவில் குடியேறினர். வீடு பாதுகாப்பானது, ஆனால் தோணியும் கரைவலை வாடியும் பழைய கரையிலேயே இருந்தன. கரைவலை இழுக்க அகன்ற மணற்கரை வேண்டும். கடல் அக்கரையை அரித்துக்கொண்டால் அத்தொழிலை எங்கே கொண்டுபோவது?

நம் இலக்கியம் கடல்கோளை நன்கு அறியும். புகார் நகரைக் கடல்கொண்ட கதையை மணிமேகலை கூறுகிறது. ஆனால், அக்கடல்கோள் திடுமென வருவது. 1978 நவம்பர் 23இன் சூறாவளியையும் சுனாமியையும் கண்ணாற் கண்ட என் தலைமுறையும் அவ்வாறு வருவதையே அஞ்சப் பழகியது. ஆண்டுக்கு ஒரு நெல்மணியின் தடிப்பளவு ஏறிவரும் நீரை அஞ்ச நாங்கள் கற்கவில்லை.

மாணவிக்கு நான் சொன்ன விடை இதுவே: "ஆறும் உயரும் மகள். எவ்வளவு என்பதை எங்கட கரையில் நாங்களே அளந்து பார்ப்போம்." அன்றே ஒரு கழியில் சென்ரிமீற்றர் கோடு கீறி, தகப்பனாரின் தோணித்துறையில் நட்டோம். நாள்தோறும் காலையில் மட்டத்தைக் கொப்பியில் குறிக்கிறாள். கடலின் ஏற்றத்தைக் காட்ட ஒரு கொப்பி போதாது. பல்லாண்டுக் கணக்கு வேண்டும் என்பதையும் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆயினும், சென்ற மாரியில் ஆற்றுவாய் வெட்டுமுன் நீர் எவ்வளவு, வெட்டியபின் எத்தனை நாளில் எவ்வளவு வடிந்தது என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

அக்கொப்பியைத் தகப்பனாரும் பாட்டனாரும் ஒரே விளக்கடியில் இருந்து பார்த்தார்களாம். "வடிய எத்தனை நாள் பிடித்தது என்று இவ்வளவு காலமும் நாம் எழுதி வைக்கவில்லையே" என்றாராம் பாட்டனார். அடுத்த மாரியில் ஆற்றுவாய் வெட்டுவது பற்றிய கூட்டத்துக்கு அதனை எடுத்துப்போவதென்று இருவரும் இணங்கியிருக்கின்றனர். எந்த நாளில் வெட்டுவது என்பதில் மாத்திரம் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை.