அடுப்படியில் ஒரு பாடசாலை

குழந்தையின் அறிவு வளர விலை கூடிய விளையாட்டுச் சாமான்கள் வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் வீட்டில் உள்ளவையே போதும். கூடவே பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

ஐந்து வயதாகும்போது மூளை, வளர்ந்தவரின் மூளையளவில் ஏறக்குறைய 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. அந்த ஆண்டுகளில் மூளையின் நரம்புக் கலங்களுக்கிடையே எண்ணற்ற இணைப்புகள் உண்டாகின்றன. அடிக்கடி பயன்படுபவை உறுதியாகின்றன. பயன்படாதவை மெல்ல மறைகின்றன. பார்த்தல், கேட்டல், தொடுதல், முகர்தல், சுவைத்தல் ஆகிய அனுபவங்களே அவற்றுக்குப் பயிற்சி.

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்றிமீற்றர் தூரத்தில் உள்ளவையே ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும் உம்மாவின் முகம் இருக்கும் தூரமும் ஏறக்குறைய அதுதான்.

என் ராத்தாவின் மகளுக்குப் பத்து மாதம். அவள் அகப்பையால் சட்டியில் தட்டுவாள். உம்மும்மா சிரட்டையில் தட்டிப் பதில் கொடுப்பார். அவள் கேட்டுவிட்டு மறுபடியும் தட்டுவாள். கறிவேப்பிலையைக் கசக்கி மூக்கருகே பிடித்து, "மணக்குதா மகள்?" என்று உம்மா கேட்பார். அவளும் ஏதோ சொல்வாள். இப்படித்தான் பேச்சு தொடங்குகிறது.

இதையே கைபேசியில் காட்டினால் போதாதா? அமெரிக்காவில் பெற்றிசியா கூல் என்ற ஆய்வாளரின் குழுவினர், 9 மாதக் குழந்தைகள் சிலரைச் சீன மொழி பேசுவோருடன் 12 தடவைகள் நேரில் விளையாட விட்டனர். வேறு சிலருக்கு அதையே திரையில் காட்டினர். 2003இல் வெளியான முடிவின்படி, நேரில் கேட்டவர்கள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தனர். திரையில் பார்த்தவர்களால் முடியவில்லை. ஒரு வயதுக்குட்பட்டோருக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது.

சில கவனங்களும் தேவை. புளியங்கொட்டை, கடலை போன்றவை தொண்டையில் அடைக்கும். கைக்கெட்ட வைக்க வேண்டாம். குழந்தை முகத்தைத் திருப்பினால் களைத்துவிட்டது என்று விட்டுவிடுங்கள். சத்தத்துக்குத் திரும்பாவிட்டால் தாமதியாமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

சமையலும் கழுவலுமாக நிற்கும் உம்மா, பிள்ளை அழும்போது கைபேசியைக் கொடுப்பதைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு இன்னும் இரண்டு கைகள் வேண்டும். தோழிகளே, பாடசாலை விட்டு வந்ததும் தம்பி தங்கையோடு பத்து நிமிடம் பாயில் உட்காருங்கள். வாப்பாமாரும் உட்காரலாம்.